ஆஸ்பத்திரி வராண்டா வீடு ஆகாது

வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று உத்தரவு வந்ததும் எங்கள் இணை இயக்குநருக்குத் தூக்கம் போய்விட்டது. மயிலாப்பூரில் இருந்த அந்த அரசு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். அவரைப் பொறுத்தவரை ஊழியர் சீட்டில் தூங்கினாலும் குற்றமில்லை, சீட்டில் இருக்க வேண்டும்.

அதனால் எல்லாரும் செல்போனில் லைவ் லொகேஷன் போட்டு வைக்கச் சொன்னார். நாள் முழுக்க அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்கு உத்தியோகமாகிவிட்டது.

என் செக்‌ஷன் உதவியாளர் ரேவதியின் புள்ளி ஒருநாள் ஆஸ்பத்திரியில் நின்றது. போன் செய்தேன்.

"அம்மாவுக்கு டயாலிசிஸ் சார். உள்ள உட்டுட்டு, வராண்டாவுல குந்திக்கினு ஃபைல் பாத்துக்கினு கீறேன். எல்லாம் அனுப்பிட்டேனே, இன்னா பிரச்சினை?"

பிரச்சினையே இல்லை. அன்றைக்கு வந்த விதவை ஓய்வூதிய ஃபைல்கள் அனைத்தும் என் லாக்-இன்னுக்கு வந்திருந்தன.

இணை இயக்குநர் வீடியோ மீட்டிங் கூட்டினார். "வொர்க் ஃப்ரம் ஹோம்னா ஹோம். ஹாஸ்பிடல் என்ன ஹோமா? அந்தம்மாவுக்கு மெமோ போடுங்க."

ரேவதியின் அம்மாவுக்கு வேறு துணை கிடையாது.

அந்நேரம் அதிகாரியின் தோளருகே சீருடைக்காரர் ஒருவர் குனிந்தார். "சார், காபியா, லைம் சோடாவா?" பின்னால் நீச்சல் குளம் பளபளத்தது. அடையாறு பக்கம் ஏதோ கிளப்.

"மெமோ மொதல்ல யாருக்கு சார் போடணும்?" என்று கேட்டேன்.

அவர் கேமரா அணைந்தது.

மெமோ வரவில்லை. அந்த வாரமே, நிர்வாக நலன் கருதி, எல்லாருக்கும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி ரத்தானது. உத்தரவில் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து. அன்றைக்கும் அவர் ஆபீசுக்கு வரவில்லை.

ரேவதிக்கு மட்டும் விலக்கு கேட்டுக் குறிப்பு எழுதி அனுப்பினேன். 'பேசவும்' என்று எழுதித் திரும்பி வந்தது. போய்ப் பேசினேன். "ஆள் எதிர்ல இருந்தாதான்யா கன்ட்ரோல்" என்றார்.

ரேவதி சம்பளமில்லா விடுப்பில் போனார். ஃபைல்கள் தேங்கின. ஓய்வூதியத்துக்கு அலைந்த ஒரு கிழவி என்னிடம் கேட்டாள்: "இன்னா நைனா, அந்தப் பொண்ணு வர்லியா? சட்டுனு முட்ச்சிக் குடுக்குமே."

ஆபீசுக்கு வரச் சொன்னதால்தான் அவரால் வேலை பார்க்க முடியவில்லை என்பதை எந்தத் தமிழில் சொல்வது?

புதிதாகச் சேருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க மேலதிகாரிகள் ஏராளம். அந்தக் கிழவிக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.