அவள் வாங்கிய அறை

என் ஓரகத்தியை ஒருவன் அறைந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் முதலில் எனக்குப் பரிதாபம்தான் வந்தது. அது ரொம்ப நேரம் தாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அவள் என் கொழுந்தனின் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அல்லிநகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறேன். மார்க்கையன்கோட்டையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். டாக்டர் வரும்வரை பொறுங்கள் என்று அவள் சொன்னதற்கு, நோயாளியோடு வந்தவன் கை நீட்டியிருக்கிறான். காவலாளி அவனைப் பிடித்து நிறுத்திவிட்டார். பெரிய டாக்டரே இறங்கி வந்து இவள் கன்னத்தைப் பார்த்து, லீவு கொடுத்து, வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பினார். ஊழியர் மேல் கை வைத்தால் நிர்வாகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டுமாம், அப்படிச் சட்டமாம்.

"நான் ஒண்ணுமே செய்யலக்கா. எல்லாம் அவுகளே பாத்துக்கிட்டாக," என்றாள். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

நானும் ஓர் அறை வாங்கியவள்தான், போன ஆடித் தள்ளுபடியில். கட்டிக் கசக்கிய சேலையைத் திருப்பி எடுக்க முடியாது என்றேன். அந்த அம்மாள் மேசையைத் தாண்டி என்னை அறைந்தாள். முதலாளி ஓடி வந்தார். வந்து, அவளுக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார், சேலையையும் மாற்றிக் கொடுத்தார். என்னிடம், "மொகத்தக் கழுவிட்டு வா, கூட்டம் நிக்குது," என்றார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. நர்ஸ் மருமகள் இருக்கிற வீட்டில், கடையில் அடி வாங்கியவள் என்ற பெயர் எனக்கு எதற்கு?

எங்கள் கடைக்குள் சட்டமே வராது என்றும் சொல்ல முடியாது. வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூல் வாங்கிப் போட்டார். என் கன்னத்துக்கு என்ன சட்டம் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம்.

இவளைப் பார்க்க ஆப்பிளும் பன்னீர் திராட்சையுமாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மாமியார் ஆட்டுக்கால் சூப்புக்கு ஏற்பாடு செய்தார். காய்ச்சியது நான். உப்பைக் கொஞ்சம் கூடவே போட்டேன். "நல்லாருக்குக்கா," என்று குடித்துத் தொலைத்தாள்.

இரண்டொரு நாளில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் என் முதலாளி. அறைந்தவன் அவருடைய மச்சினன் மகனாம். என் மகள் சடங்குக்குக்கூட எட்டிப் பார்க்காத மனுஷன், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இவளிடம் கெஞ்சினார்.

"ஏத்தா, சின்னப் பய, ஏதோ ஆத்திரத்துல கை நீட்டிட்டான். கேச வாபஸ் வாங்கிரு."

"நான் குடுத்த கேசு இல்லைங்கய்யா. ஆஸ்பத்திரி குடுத்தது. அங்கன போய்ப் பேசுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இப்படி ஒரு பதில் சொல்லவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

முதலாளி என்னைக் கை காட்டினார். "ஒங்க அக்காளப் பாருத்தா. கடையில ஒரு பொம்பள இதே மாதிரிதான் அறைஞ்சா. வாயத் தொறந்துச்சா? பெரிய மனசு பண்ணி விட்டுருச்சுல்ல?"

மாமியார் என்னையே பார்த்தார். ஓரகத்தி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "எப்பக்கா?" என்றாள்.

நான் முதலாளி பக்கம் திரும்பினேன்.

"நான் விடலங்கய்யா," என்றேன். "நீங்கதான் புகார் குடுக்கல."

"நாளைக்குக் கடைக்கு வா, பேசிக்கிருவோம்," என்று எழுந்தார். அவருக்கு வைத்த காப்பி அப்படியே இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று நின்றேன்.

கார் போனதும் ஓரகத்தி கிட்டே வந்து என் முகத்தைத் திருப்பினாள். "எந்தப் பக்கம்க்கா?"

இத்தனை நாளில் ஒருவரும் கேட்காததை இவள்தான் வந்து கேட்க வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இடது கன்னத்தைக் காட்டினேன்.