கலிப்சோவின் கடைசி வரி

என் அப்பா பொன்னுதுரைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. மலாக்கா நகரின் காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கல்யாணங்களுக்கு வயலின் வாசிப்பது அவர் தொழில். வீட்டில் நாங்கள் தமிழ் பேசினோம். அக்கம்பக்கத்துச் செட்டிகள் பல நூறு வருஷத்துக்கு முன்பே வந்து குடியேறிய தமிழர்கள்; அவர்களுக்கு மலாய்தான் வாய்ப்பேச்சு. அதனால் அவர் பாட்டுக் கட்டுவதும் மலாயில்தான்.

போருக்கு முன்பு மேற்கிந்தியத் தீவான டிரினிடாட்டைச் சேர்ந்த கப்பல் மாலுமி ஒருவன் அவர் வாசிப்பைக் கேட்டுச் சொக்கிப்போய், மூன்று இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பாட்டுக்குப் பெயர் கலிப்சோ. கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள், முதலாளிக்குப் புரியாத மொழியில் அவனையே கேலி செய்து பாடினார்களாம். அது திருவிழாக் கொட்டகைக்கு வந்து, பிறகு தட்டில் ஏறிக் கடல் தாண்டியதாம். "நம்ம ஆளுங்களும் அங்க கரும்பு வெட்டுறாங்க, தெரியுமா?" என்பார் அப்பா, கலிப்சோவில் தனக்கும் பங்கு இருப்பதுபோல.

கலிப்சோவில் ஊர் நடப்பைப் பாடுவார்கள், பெரிய மனிதர்களைக் குத்துவார்கள். கடைசி வரியில் பாடியவன் தன் பெயரையும் சொல்லி முடிப்பான் என்று அந்த மூன்று தட்டுகளிலிருந்து அப்பா கற்றுக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பந்துன் என்னும் நாலுவரி மலாய்ப் பாட்டுகளில் கட்டியவன் பெயர் இருக்காது. அப்பாவுக்குப் புதுப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் ஆங்கிலத் தட்டுகளையெல்லாம் ஒப்படைக்க உத்தரவு வந்தது. அப்பா ஒப்படைத்தார். மெட்டை எப்படி ஒப்படைப்பது? அரிசி பங்கிடும் அதிகாரி மூட்டைகளைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்களை மரவள்ளி தின்னச் சொன்னான். அவனைப் பற்றி அதே மெட்டில் கட்டி, ஒரு கல்யாணப் பந்தலில் அப்பா பாடிவிட்டார். "சொல்வது பொன்னுதுரை" என்று முடித்தார்.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரே வாரத்தில் தெங்கேரா மீனவர்கள் அதைப் பாடினார்கள். புக்கிட் பாருவில் பிள்ளைகள் பாடினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிறகு, பாசார் சந்தையில் அதை முணுமுணுத்த தேநீர்க் கடைக்காரரை ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு விரல்களில் நகமில்லாமல் திரும்பி வந்தார். அவருக்குப் பாதிப் பாட்டுதான் தெரியும், பெயர் வரும் கடைசி வரி தெரியாது. அப்பா அன்று பிழைத்தது அதனால்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. "பேர மாத்திருங்கப்பா. போன வருஷம் காய்ச்சல்ல செத்தாரே வண்டிக்கார மருதமுத்து, அவரு பேரப் போடுங்க. செத்தவர யாரு பிடிக்கப் போறா?" என்றேன்.

அப்பா வீடு வீடாகப் போய்ப் புது வரியைச் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் சொன்னபடி மாற்றிப் பாடினார்கள். பழையதைவிட வேகமாக அது பரவியது. தெருவில் ராணுவ லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். லாரி எங்கள் வீட்டில் நிற்கவே இல்லை.

ஒரு மத்தியானம் குருபோங்கிலிருந்து ஒரு பெண் நடந்தே வந்தாள். பெயர் பொன்னம்மா. அவள் புருஷன் அங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்.

"அண்ணே, அவர நேத்துப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவரு பேரு மருதமுத்து. ஏதோ பாட்டு கட்டுனாராம். அவருக்குத் தாலாட்டுகூட வராதுண்ணே. நீங்க பாட்டுக்காரரு. நீங்க வந்து சொன்னா நம்புவாங்க."

இப்படி இன்னொரு மருதமுத்து உயிரோடு இருப்பார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா சட்டையை எடுத்து மாட்டினார். நான் வாசலை மறித்துக்கொண்டேன்.

"போகாதீங்கப்பா. மொதல்ல உங்க பேருதான் இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிருவாங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பொன்னம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வழிய விடும்மா" என்றார் அப்பா.

நான்காம் நாள் மருதமுத்து, இடது கை விளங்காமல், குருபோங்குக்குத் திரும்பினார். அப்பா திரும்பவே இல்லை.

அப்பா நியாயவான் என்று ஊர் சொல்கிறது. எனக்கு அப்பாதான் வேண்டியிருந்தார். முன்பின் தெரியாத அந்த மனிதர் அங்கேயே கிடக்கட்டும் என்றுதான் அன்று வாசலில் நின்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அங்கேதான் நிற்பேன்.