கூரைமேல் உட்கார்ந்தவள்

அந்தக் குடியிருப்பை எந்த நகராட்சியும் தன்னுடையது என்று சொன்னதில்லை. பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் "அது கம்பெனி இடம்" என்பார்கள். கம்பெனியோ, குவாரியை மூடியபிறகு அங்கே யாருமே இல்லை என்று கையை விரிக்கும். யாருமே இல்லாத அந்த இடத்தில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிறது. எரிவதற்குக் காரணம், சம்மட்டி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு கல்லுடைக்கிற பெண்.

கல் தீர்ந்ததும் கம்பெனி கிளம்பச் சொன்னது. யாரும் கிளம்பவில்லை. எங்கே போவது? பிள்ளை பெற்றதும் பெற்றவர்களைப் புதைத்ததும் அங்கேதான். சொல்லிப் பார்த்து அலுத்த கம்பெனி, வீடுகளின் கூரைத் தகரத்தைக் கழற்றி வர ஆள் அனுப்பியது. மீதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு.

லாரியில் ஒரு மேஸ்திரி, இரண்டு கூலியாட்கள், ஓர் ஏணி. வரிசையில் முதல் வீடு சம்மட்டியுடையது. ஆட்கள் ஏறி போல்ட்டில் ஸ்பானரை வைத்தார்கள். பின்னாலேயே ஏறிய சம்மட்டி, கழற்ற வேண்டிய தகரத்தின்மேலேயே உட்கார்ந்தாள். தகரம் கொதித்தது. பாறைச் சூட்டில் வெந்த உடம்பு, பொறுத்துக்கொண்டது.

"இறங்கும்மா, விழுந்து தொலைக்கப் போற" என்றான் மேஸ்திரி.

"விழுந்தா என் வீட்டுக்குள்ளதான விழுவேன். உனக்கென்ன?"

உளி தீட்டுகிற அவள் புருஷனுக்கு உயரம் என்றாலே பயம். "அடியே, எதுவா இருந்தாலும் கீழ வந்து பேசிக்கலாம்" என்று கெஞ்சினான்.

"நீ கீழ நின்னு பேசிப் பேசித்தான்யா இவங்க மேல ஏறுனாங்க."

மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்படி இறங்குறன்னு பாக்குறேன்" என்று ஏணியைப் பிடுங்கி லாரிமேல் எறிந்தான். தன் ஆட்களும் மேலேதான் இருக்கிறார்கள் என்பது கோபத்தில் மறந்துவிட்டது. லாரியைச் சுற்றி நின்ற பெண்கள் மறக்கவில்லை. ஏணி மறுபக்கமாக இறங்கி, கைமாறிக் கைமாறி, ஏதோ ஒரு வீட்டுக்குள் போய்விட்டது.

"அக்கா, சொன்ன வேலையச் செய்ய வந்தவங்க நாங்க" என்றான் மேலே இருந்த ஆட்களில் மூத்தவன்.

"நாங்களும் அப்படித்தான் வந்தோம், தம்பி. கல்லு தீர்ந்துச்சு, நாங்க குப்பையாயிட்டோம். தகரம் தீரட்டும், அடுத்தது நீதான்."

அவன் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இளையவன் கீழே பார்த்துக் கத்தினான்: "மேஸ்திரி, ஏணிய வைங்க."

"ஏணியக் காணோம்டா."

தெருவே சிரித்தது. சம்மட்டி சிரிக்கவில்லை. "லாரிய மெயின் ரோட்டுல கொண்டுபோய் நிறுத்து. உன் ஆளுங்க பத்திரமா வந்து சேருவாங்க" என்றாள். மேஸ்திரி கொண்டுபோய் நிறுத்தினான்.

மறுநாள் லாரி நிறைய ஏணியோடு வந்தார்கள். ஒவ்வொரு கூரைமேலும் ஆள் உட்கார்ந்திருந்தது. சம்மட்டி வீட்டுக் கூரையில் அவள் புருஷனும் இருந்தான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"கண்ணத் திறய்யா. பயந்தவன்னு நெனைக்கப் போறாங்க."

"பயந்துதான்டி இருக்கேன். இறங்குறேன்னா சொன்னேன்?"

லாரி வெறுமனே திரும்பியது. அந்த ஆத்திரத்தில் கம்பெனி சாயங்காலமே தண்ணீர்க் குழாயை அடைத்தது. காலிக் குடத்தோடு வந்து நின்றவர்கள் சம்மட்டியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"என் மூஞ்சியில தண்ணி வருமா? கடப்பாரைய எடுங்க" என்றாள் அவள். "ஊரான் வீட்டுக்கு மலைய உடைச்சுக் குடுத்தோம். நமக்குன்னு ஒரு கிணறு தோண்ட முடியாதா?"