ஸ்பேனர் அக்கா ஆங்கிலம் பேசிய விதம்

என் அத்தை பதினேழு வருடமாக வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறார். அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறார். கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்பேனர் அக்கா என்றால்தான் தெரியும். ஓடுகிற மெஷினின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

இந்த வருடம் அவருடைய வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் மாடிப்படி ஏறவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். படி ஏறாமல் வீடு வீடாகப் போய் ரிப்பேர் செய்ய முடியாது. கம்பெனியில் டெக்னீஷியன் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், ஹெல்ப்லைன். வாடிக்கையாளர் போன் செய்வார். இந்தப் பக்கம் இருப்பவர் சொல்லச் சொல்ல, அவரே தன் மெஷினைச் சரி செய்துகொள்வார். வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் ஆங்கிலம். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் உட்காரவைத்துப் பார்க்கிறோம், சரிப்பட்டால் நாற்காலி உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு வேலை கொடுக்க எங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அப்போதுதான் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் கால் தரையில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தையின் ஆங்கிலம் என் தலையில் விழுந்தது. நான் சொல்லிக்கொடுத்தேன் என்றால் அது பொய். அவர் கேட்ட கேள்வி எதற்கும் என்னிடம் பதில் இல்லை.

தனித்தனி வார்த்தைகள் அத்தைக்கு ஏராளமாகத் தெரியும். இரண்டு வார்த்தைகள் கைகோத்துக்கொண்டு வந்தால்தான் தடுமாறுவார். டர்ன் என்றால் திருப்பு. அதோடு ஆஃப் சேர்ந்தால் அணை. அப் சேர்ந்தால் வந்து சேர். டவுன் சேர்ந்தால் வேண்டாம் என்று சொல்.

"வால்ல ஒரு துண்டு ஒட்டினதும் ஆளே மாறிப்போறானே. இதை யார் உக்காந்து முடிவு பண்ணினது?" என்று கேட்டார்.

மனப்பாடம் செய்துவிடுங்கள் என்றேன். என் ஆசிரியை எனக்குச் சொன்னதும் அதுதான். அத்தைக்கு அது ஒப்பவில்லை. ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு மெஷினை ஓட்டிவிட்டு வருவது மாதிரி இருக்கிறது என்றார். அதையே இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது கையில் பாதி மடித்த துண்டோடு நின்றுவிட்டார்.

"விட்டுக்கொடுக்கிறோம்னு சொல்றோமே, அதுல எதை விடுறோம், எதைக் கொடுக்கிறோம்?"

நான் யோசித்தேன். அதற்குள் அத்தை அடுத்த வார்த்தையை எடுத்துவிட்டார்.

"சரி, கண்டுபிடிக்கிறோம். கண்ணால கண்டுட்டு, அப்புறம் ஓடிப்போய்ப் பிடிக்கிறோமா? நாமளும் இதே கூத்தைத்தான் பண்ணிக்கிட்டிருக்கோம். பழகிட்டதால தெரியல."

அன்றிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மழை ஏன் ஹெவி, டீ ஏன் ஸ்ட்ராங், மாற்றிச் சொன்னால் என்ன என்று அத்தை கேட்டார். வெயில் அடிக்கிறது என்கிறோம், காற்று வீசுகிறது என்கிறோம், வெயில் வீசுகிறது என்று யாராவது சொல்கிறார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தை ஜோடி என்று சுவரில் ஒட்டிய பெரிய தாளில் எழுத ஆரம்பித்தோம். மெஷின் சத்தத்தை 'டூ' பண்ணாது, 'மேக்' பண்ணும். போட்டோவை 'டேக்' பண்ண வேண்டும். துணி துவைப்பதை மட்டும் 'டூ' பண்ணலாம். ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் கேட்பதை நிறுத்தவும் முடியவில்லை.

அப்பா சும்மா இருப்பாரா? "அத்தையும் மருமகளும் சேந்து இங்கிலீஷைக் கழட்டிப் போட்டுட்டீங்க. திரும்ப மாட்டத் தெரியுமா?" என்றார்.

"நீங்க ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டி வச்சு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா. முதல்ல அதை மாட்டுங்க" என்றார் அத்தை.

கடைசி இரண்டு வாரம் போனில் பயிற்சி செய்தோம். நான் பால்கனியில் நின்று வாடிக்கையாளர் மாதிரி பேசுவேன். அத்தை போனை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போய்விடுவார். அப்பாவின் கிண்டலுக்குப் பயந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பதில் ஒவ்வொன்றும் அட்டகாசமாக வரும். ப்ளக்கை புல் அவுட் பண்ணுங்கள், மூடியை லிஃப்ட் அப் பண்ணுங்கள் என்று எங்கும் தடங்கல் இல்லை. நானே அசந்துபோனேன்.

அந்தக் காலை நடந்ததை அத்தை சாயங்காலம் வந்து சொன்னார்.

ஹெல்ப்லைன் அறையில் வரிசையாக மேசைகள். ஆளுக்கொரு ஹெட்போன், ஒரு கம்ப்யூட்டர். சூப்பர்வைசர் அத்தையைவிட இளையவர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாராம். முதல் அழைப்பு வந்தது. மெஷின் சுற்றும்போது தடதடவென்று சத்தம் வருகிறது என்று ஒரு பெண் சொன்னார். கேட்டது முழுக்கப் புரிந்தது, கோளாறும் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. மேசைமேல் வெறும் கை இரண்டும் கிடந்தன. அந்தப் பெண் மூன்று முறை ஹலோ சொன்ன பிறகு சூப்பர்வைசர் ஹெட்போனை வாங்கித் தானே பேசி முடித்தார்.

"பதற்றமா இருக்காக்கா? தண்ணி குடிங்க" என்றாராம்.

அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்திருக்கிறார். வீட்டில் வந்தது இங்கே ஏன் வரவில்லை? அப்போதுதான் உறைத்திருக்கிறது. வீட்டில் அவர் பேசிய அத்தனை வாக்கியமும் குளியலறையில் இருக்கும் எங்கள் மெஷின் பக்கத்தில் நின்று, அதன் மேல் கை வைத்துப் பேசியவை. ஒவ்வொரு சொல்லையும் ஒரு திருகோடும் ஒரு குழாயோடும் சேர்த்துத்தான் படித்திருக்கிறார். அவருக்கே அது தெரியாது. பால்கனியில் நின்ற எனக்கும் தெரியவில்லை.

அந்த அறையின் மூலையில் புது ஆட்களுக்குப் பழக்கிக் காட்டுகிற மெஷின் ஒன்று சக்கரப் பலகைமேல் இருந்தது. அதைத் தன் மேசைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வரலாமா என்று அத்தை கேட்டார். சூப்பர்வைசர் விழித்தாராம். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துவிட்டார். "ஸ்பேனரும் எடுத்துத் தரட்டுமாக்கா?"

"இருந்தா குடு தம்பி" என்றார் அத்தை.

சூப்பர்வைசரே எழுந்து தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார்.

இரண்டாவது அழைப்பு. வயதான ஒருவர். தண்ணீர் வெளியே போகாமல் நிற்கிறதாம். அத்தை இடது கையை மெஷின் மூடிமேல் வைத்தார். வார்த்தை தானாக வந்தது. டர்ன் ஆஃப் பண்ணச் சொன்னார். பின்பக்கக் குழாயைப் பார்க்கச் சொல்வதற்காக அவர் கையும் பின்னால் போனது. அங்கே மேசையோரச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே விரல் மடங்கியதும் அவருக்குச் சட்டென்று தோன்றியது. யாராவது மெஷினை புஷ் பேக் பண்ணினார்களா என்று கேட்டார். ஆமாம், நேற்று தரையைக் கழுவிவிட்டு மகன் தள்ளிவைத்தான் என்றார் அவர். குழாய் மடங்கிப்போயிருந்தது. மெஷினை மெதுவாக முன்னால் இழுத்து, குழாயை ஸ்ட்ரெயிட்டன் அவுட் பண்ணச் சொன்னார். போனிலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதாம். மொத்தம் நாலு நிமிடம். வாடிக்கையாளரிடம் கேட்பதற்காக அங்கே எழுதிவைத்திருக்கிற கேள்விகளில் தரை கழுவியதைப் பற்றிய கேள்வியே கிடையாதாம். சூப்பர்வைசர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது அழைப்பும் நன்றாகவே முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அத்தை ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். மேல்மூடி மெஷின் மட்டும் போதவில்லையாம். முன்பக்கம் கதவு வைத்த மெஷின்காரர்கள் கூப்பிட்டால் பாதியில் திணறுகிறாராம். அதனால் அந்த மாதிரி ஒன்றும் பக்கத்தில் வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்.

"படிச்சுப் பாரு. ஜோடி எங்கயாவது மாறியிருக்கா?" என்றார்.

ஓர் இடத்தில் மாறியிருந்தது. எது சரி என்று எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.