தம்பியை இறக்கி விட்ட பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் நான் வேலை செய்யும் பார்மசியில்தான் தாரிகாவும் வேலை செய்கிறாள். வயது இருபத்தேழு. மருந்துச் சீட்டை நீட்டுகிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்த பிறகுதான் சீட்டைப் படிப்பாள். தன் கதையை மதியச் சாப்பாட்டு நேரங்களில் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள். எழுதச் சொன்னதும் அவள்தான்.

கொழும்பின் வடக்கே முகத்துவாரம் பகுதியில் ஓர் ஒற்றை அறையில் வளர்ந்தவள் அவள். தம்பி மிதுஷன் பிறந்த சில மாதங்களில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா குடு என்கிற போதைத்தூளுக்கு அடிமையானார். அதைத் தேடிப் போனால் இரண்டு மூன்று நாட்களுக்குத் திரும்ப மாட்டார். எட்டு வயதுத் தாரிகா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கடையில் பணிஸ் கேட்டு வாங்கி, பிளேன்டீயில் நனைத்து ஊட்டினாள். ஒரு நாள் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி கையில் கொட்டிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. புண் பழுத்து நாறத் தொடங்கியதும், பக்கத்து அறையில் இருந்த ரபீக்கா என்ற பெண் சிறுவர் நன்னடத்தை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். அங்கிருந்து ஜீப் வந்தது.

“அவங்க போய்ச் சொல்லாட்டி நாங்க ரெண்டு பேரும் இல்ல அக்கா” என்றாள் தாரிகா. “ஆனா அண்டைக்கு அவங்களக் கடிச்சுப்போட்டுத்தான் ஜீப்பில ஏறினனான்.”

பல சிறுவர் இல்லங்களில் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்திருப்பதில்லை. அக்காவையும் தம்பியையும் பிரிக்காமல் ஏற்றுக்கொண்டது வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த சின்ன இல்லம். அடிபட்டும் கைவிடப்பட்டும் வந்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு கூடவே வாழ்ந்து பார்த்துக்கொண்டவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த யோசெப்பின். பிள்ளைகளுக்கு அவர் அன்ரி.

முதல் நாள் மாலை, சாப்பாடு கொடுப்பதற்காக மிதுஷனை வாங்கக் கை நீட்டினார் அன்ரி. தாரிகா வீறிட்டுக் கத்திக்கொண்டு சோற்றுப் பீங்கானைத் தூக்கி எறிந்தாள். சோறு சுவரெல்லாம் ஒட்டியது. அன்ரி ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. சுவரைத் துடைத்தார். இன்னொரு பீங்கானில் சோறு கொண்டுவந்து கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

“தம்பிக்கு நீங்கதான் குடுக்கணும் மகள். சரி, நீங்க அவருக்குக் குடுங்க. நான் உங்களுக்குக் குடுக்கட்டா?”

தாரிகா தம்பிக்கு ஊட்டினாள். அன்ரி தாரிகாவுக்கு ஊட்டினார். யாரும் தனக்கு ஊட்டியதாக அவளுக்கு நினைவே இல்லை. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முதல் பிடியைத் துப்பிவிட்டாள். அடுத்த நாளும் துப்பினாள். அன்ரி ஒவ்வொரு வேளையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். எப்போது விழுங்கத் தொடங்கினாள் என்று இருவருக்குமே தெரியாது.

புதிதாக வேலைக்கு வந்த ஒருவருக்கு இது சரியாகப் படவில்லை. தாரிகா படுக்கும்போதுகூடத் தம்பியின் சட்டையைத் தன் சட்டையோடு முடிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் போக மறுத்தாள். இருவரையும் வேறு வேறு அறைகளில் விடலாமே என்று அவர் கேட்டார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்க்க வரும் மனநல வைத்தியர் சிவபாலன் சம்மதிக்கவில்லை.

“பறிக்காதேங்கோ. இவ்வளவு நாளும் அவனை உயிரோட வச்சிருந்தது அவள்தான். எங்களை நம்பத் தொடங்கினால் தானாவே இறக்கி விடுவாள். அதுவரைக்கும் பொறுப்பம்.”

பொறுத்தார்கள். அன்ரி தினமும் தாரிகாவையும் மிதுஷனையும் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். முதலில் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். பிறகு அன்ரி மிதுஷனோடு மர நிழலில் இருக்க, தாரிகா வகுப்பு ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு படித்தாள். சில மாதங்களில் எட்டிப் பார்ப்பது குறைந்தது.

அடுத்த ஆண்டு ஒரு நாள் பின்னேரம் பெருமழை. பிள்ளைகள் முற்றத்தில் இறங்கி ஆடினார்கள். தாரிகாவும் இறங்கினாள். சேற்றில் வழுக்கி விழுந்து, எழும்பி, கூச்சல் போட்டு, இருட்டும்வரை விளையாடினாள். திடீரென்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொட்டச் சொட்ட உள்ளே ஓடினாள். மிதுஷன் அன்ரியின் மடியில் நல்ல நித்திரை. வாயோரத்தில் பப்பாசிப்பழம் காய்ந்திருந்தது.

தாரிகா தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டாள். “நான் தம்பிய மறந்துட்டன்! மறந்துட்டன்!”

அன்ரி எட்டி அந்தக் கையைப் பிடித்தார். “நீங்க மறக்கலாம் மகள். நாங்க மறக்கல்ல தானே.”

அந்த ஈரச் சட்டையோடேயே தாரிகா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். “அழுது முடிய எனக்குப் பயங்கரப் பசி அக்கா” என்று சொல்லிச் சிரித்தாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. அம்மா இரண்டு முறை பார்க்க வந்தார். அதற்குப் பிறகு அவர் இறந்த செய்திதான் வந்தது. தாரிகா மறுபடியும் பீங்கான் எறிந்தாள், பல நாள் யாரோடும் கதைக்காமல் இருந்தாள். அப்போதும் அவளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பதினெட்டு வயதுவரை அங்கேயே இருந்து உயர்தரப் படிப்பை முடித்தாள். மிதுஷன் இப்போது குளிரூட்டி திருத்தும் வேலை படிக்கிறான். அக்காவிடம் வாயடிப்பதில் கெட்டிக்காரன்.

சென்ற மாதம் தாரிகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வினோதன், கொட்டாஞ்சேனையில் அச்சகம் ஒன்றில் வேலை. கல்யாணப் பேச்சு முற்றாகிய நேரத்தில் வினோதனின் அம்மா தாரிகாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “பொம்பிளைப் பக்கத்தில ஆரெல்லாம் வருவினம், பிள்ளை?”

“ஒரு வேன் நெறைய வருவாங்க மாமி.”

அப்படியே வந்தார்கள். கூட வளர்ந்தவர்கள் கைக்குழந்தைகளோடு வந்தார்கள். தலை நரைத்த சிவபாலன் வந்தார். ரபீக்காவையும் தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள் தாரிகா. தாய் உட்கார வேண்டிய கதிரையில் முழங்கால் வலியோடு யோசெப்பின் அன்ரி உட்கார்ந்திருந்தார். தாரிகா குனிந்து அவர் காலைத் தொட்டாள். வெகுநேரம் எழும்பவில்லை.

“எழும்புங்க மகள், போட்டோக்காரர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்” என்று மூக்கை உறிஞ்சினார் அன்ரி.

அப்போது எடுத்த படத்தில் இருவருக்குமே கண் மூடியிருக்கிறது. வேறு நல்ல படங்கள் எத்தனையோ இருந்தும், தாரிகா அதைத்தான் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறாள்.