திரும்பிய நேரம்

லயனல் ஸ்கிரிம்ஷாவின் காரில், முன்பக்கப் பெட்டிக்குள், எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். தேதி, ஓட்டியவர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ஓடிய மைல் என்று ஐந்து பத்திகள். யார் ஓட்டுகிறார்களோ அவர்களே தங்கள் கையால் எழுத வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். கல்யாணமாகி நாற்பத்தொன்பது ஆண்டுகளில் ஆறு கார்கள் மாறின. நோட்டுகள் பதினேழு ஆயின. சட்டம் மட்டும் மாறவில்லை.

பதினேழாவது நோட்டில், 2018 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை என்ற வரியை எழுதியிருந்தவள் அவர் மனைவி ஏவ்ரில். கிளம்பிய நேரம் 10.05. திரும்பிய நேரம் காலி. மைலும் காலி. மறுநாள் காலை லயனல் மீட்டரைப் பார்த்து மனதுக்குள் கழித்துக்கொண்டார். ஊருக்கு வெளியே இருக்கும் கடை வளாகத்துக்குப் போய்வர ஆறு மைல். வண்டி பத்தொன்பது மைல் ஓடியிருந்தது. அந்த எண்ணை அவர் நோட்டில் எழுதவில்லை. ஏவ்ரிலிடம் கேட்கவும் இல்லை.

கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். ரெட்ஃபோர்டிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் முப்பத்தாறு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். பெட்ரோல் பம்பில் அளக்கும் பாத்திரத்தோடு நிற்பார். மதுக்கடையில் பீர்க் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தாங்களே இறைச்சி வாங்கிக்கொண்டிருந்த கசாப்புக்கடைக்காரரின் தராசு அரை அவுன்ஸ் ஏமாற்றியதைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டார். அதன் பிறகு ஒரு வருஷம் ஏவ்ரில் இறைச்சிக்காக ஒரு மைல் நடந்தாள். “அரை அவுன்ஸுக்கு என் காலைத் தேய வெச்ச மனுஷன்” என்று அவள் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். வேலைக்காலத்தில் நாற்பத்தொரு முறை சாட்சிக்கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, தம் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட அவர் சொன்னது தவறென்று எந்த வக்கீலும் நிரூபித்ததில்லை.

அந்த பிப்ரவரி ஆறாம் தேதி அவர் லிங்கனில் கண் மருத்துவமனையில் இருந்தார். கண்ணில் மருந்து விட்டால் திரும்ப ஓட்ட முடியாது என்பதால் பக்கத்து வீட்டு டேலின் டாக்ஸியில் போயிருந்தார். மாலை நான்கு பத்துக்கு வீடு வந்தபோது ஏவ்ரில் சமையலறையில் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒரு சின்னக் காகிதப் பை. உள்ளே ஆறு பொத்தான்கள்.

“கடையில கூட்டம்” என்றாள்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் டாக்டர் அவளுக்கு ஞாபகச் சோதனை செய்திருந்தார். சில மதிப்பெண்கள் குறைந்திருந்தன. ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்ப்போம், இடையில் வழி தவறினால் எனக்கும் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் உடனே சொல்ல வேண்டும் என்றார். வீட்டுக்கு வரும் வழியெங்கும் ஏவ்ரிலே ஓட்டினாள், வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்து. பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுகிறவள். வியாழன்தோறும் பாட்டுக் குழுவுக்குப் போவதும், தங்கையைப் பார்க்க டான்காஸ்டர் போவதும் அந்தக் காரில்தான். அது போய்விட்டால் அவளுடைய வாரத்தில் என்ன மிஞ்சும் என்று லயனல் எண்ணிப் பார்த்திருக்கிறார். பாதிகூட மிஞ்சாது.

மார்ச் 5 அன்று, கார் சொந்தக்காரர் என்ற முறையில் லயனல் பெயருக்குத் தபால் வந்தது. கடை வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் தனியார் கம்பெனி அனுப்பியது. இரண்டு படங்கள். உள்ளே வந்தது 10.20, வெளியே போனது 14.31. இரண்டு மணி நேரம்தான் இலவசம், ஆகவே நூறு பவுண்டு கட்டணம்.

நான்கு மணி நேரம் பதினோரு நிமிடம். அவர் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வெளிறிய ஒரு தீற்றல் தெரிந்தது. ஏவ்ரிலின் முகம்.

அன்று மாலையே பதில் எழுதினார். காரை ஓட்டியது நான்தான், எனக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது, தெளியும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், ஓட்டக்கூடாத நிலையில் ஓட்டாமல் இருந்ததற்குக் கட்டணமா என்று கேட்டிருந்தார். அவர் எழுதிய முதல் பொய்ப் பதிவு அதுதான். நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார்.

மருத்துவச் சான்று இல்லை என்று கம்பெனி முறையீட்டைத் தள்ளியது. அதற்கு மேலே இருந்த முறையீட்டு மன்றமும் மே மாதத்தில் தள்ளியது. ‘ஓட்டுநர் தாமே என்று மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்’ என்ற வரியை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு கடன் வசூல்காரர்களின் கடிதங்கள், ஒவ்வொன்றிலும் எழுத்து முந்தியதைவிடச் சிவப்பாக. செப்டம்பரில் நீதிமன்றத்திலிருந்தே வழக்குப் படிவம் வந்து சேர்ந்தது. நூறு பவுண்டு இருநூற்றைம்பத்து நான்கு ஆகியிருந்தது.

டேல் வேலி ஓரமாக டாக்ஸியைக் கழுவிக்கொண்டிருந்தான். இந்த மாதிரிக் கம்பெனிகளோடு மூன்று முறை மோதியவன். லயனல் நீட்டிய கடிதக் கோப்பை வாங்கி, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு புரட்டினான்.

“கவர் மேல என்னது இது, மார்ச் அஞ்சுன்னு?”

“வந்து சேர்ந்த நாள்.”

“பால் பாட்டில் மேலயும் எழுதுவீங்களா பெரியவரே?”

“திறந்த நாளை எழுதுவேன்.”

டேல் சிரித்தான். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. “இருங்க இருங்க. நிறுத்தினது பிப்ரவரி ஆறு. நோட்டீஸ் வந்தது மார்ச் அஞ்சா? பதினாலு நாளுக்குள்ள கைக்கு வந்து சேரணும். வரலைன்னா கார் யார் பேர்ல இருக்கோ அவங்களைப் பிடிக்க முடியாது, ஓட்டினவங்களைத்தான் பிடிக்கணும். யாரு ஓட்டினாங்கன்னு நீங்க வாயே திறக்க வேண்டாம். இருபத்தேழு நாள் கழிச்சு வந்திருக்கு! இந்தக் கேஸ் அன்னிக்கே செத்துப்போச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“நான்தான் ஓட்டினேன்னு எழுதிட்டேன்.”

“அட கடவுளே! ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் பிடிச்சிட்டு, கடைசியில நீங்களே போய்த் தட்டுல ஏறி உட்கார்ந்துட்டீங்களா?” தாளை மறுபடி புரட்டினான். புருவம் சுருங்கியது. “ஆறாந்தேதி செவ்வாய்க்கிழமை... அன்னிக்கு நான்தானே உங்களை லிங்கனுக்குக் கூட்டிட்டுப் போனேன்? திரும்பி வரும்போது கண்ணு கூசுதுன்னு என் தொப்பியை வாங்கி மூஞ்சில கவுத்துக்கிட்டீங்களே?”

லயனல் கோப்பை வாங்கி மூடினார்.

டேல் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்தான். குரலைத் தணித்தான். “அவங்களா?”

லயனல் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“சரி, நான் கேட்கலை. ஆனா என் டாக்ஸி ரசீது உங்ககிட்ட இருக்கும், ஆஸ்பத்திரிக் கடுதாசி இருக்கும். ஓட்டினது நீங்க இல்லைன்னு காட்ட அது போதும். ஜெயிச்சிடலாம்.”

“முதல்ல எழுதினது பொய்னு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அப்ப யாரு ஓட்டினாங்கன்னு நீதிபதி கேட்பாரு. இந்த வீட்ல இருக்கிறது ரெண்டே பேர், டேல்.”

டேல் வாளியில் இருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினான். “அப்ப கட்டித் தொலைச்சிடுங்க. நான் இப்படிச் சொல்வேன்னு நானே நினைக்கலை. ஆனா கட்டிடுங்க.”

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், இதில் கண்டவை உண்மையென நம்புகிறேன், பொய்யெனத் தெரிந்தே கையெழுத்திட்டால் என்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று இருந்தது. நாற்பத்தொரு முறை அவர் வாயால் சொன்னதன் எழுத்து வடிவம். நான்தான் ஓட்டினேன் என்று அதன் கீழே கையெழுத்துப் போட அவரால் முடியாது. ஏவ்ரில் ஓட்டினாள் என்று எழுதினால், அவள் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்ததாக அவர் ஊகித்த அந்த நான்கு மணி நேரமும் நீதிமன்றப் பதிவில் ஏறிவிடும். டாக்டரிடம் சொல்லாமல் மறைத்ததும் சேர்ந்து ஏறும். பணத்தைக் கட்டிவிட்டால் இரண்டும் வேண்டாம். ஆனால் அரை அவுன்ஸ் திருட்டை விடாதவர், சட்டம் கேட்கக் கூடாதென்று சொல்லும் பணத்தைத் தம் கையால் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை சிற்றுண்டி முடிந்ததும் காசோலைப் புத்தகத்தை எடுத்தார். தேதியை எழுதினார். ஏவ்ரில் தேநீர்க் கோப்பையை அவர் எதிரில் வைத்தாள். உட்காரவில்லை.

“கம்பெனிக்கு எழுதின லெட்டரைப் படிச்சேன்” என்றாள். “ஃபைலை ரொட்டிப் பெட்டி மேலயே வெச்சுட்டுப் போயிட்ட.”

பேனா நின்றது.

“உனக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டிருக்க. நீ காருக்குள்ள உட்கார்ந்திருந்தேன்னு போட்டிருக்க. அது என்னோட நாள், லயனல். அதுல என்னை அடிச்சிட்டு உன் பேரைப் போட்டுக்கிட்ட.”

“உனக்காகத்தான்...”

“ஒரு வார்த்தை கேட்டியா? ஊர்ல இருக்கிற கடைக்காரனையெல்லாம் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டவன் நீ. என்னைக் கேட்கலை. நோட்டுல வேணும்னுதான் காலியா விட்டேன். நீ கேட்பேன்னு ஏழு மாசமா காத்துட்டிருக்கேன்.”

அவர் பேனாவை மூடினார். “என்ன நடந்தது?”

ஏவ்ரில் இப்போது உட்கார்ந்தாள். “பொத்தான் வாங்கினேன். கார்ல வந்து உட்கார்ந்தேன். எல்லாம் தெரியுது. கடை தெரியுது, பேக்கரி தெரியுது, அந்தக் கேமராக் கம்பம்கூடத் தெரியுது. எந்தப் பக்கம் போனா வீடுன்னு மட்டும் தெரியலை. சரி, இப்படியே இருப்போம், லயனல் வந்துடுவான்னு நினைச்சேன். நீதான் சொன்ன நேரத்துக்கு வர்ற ஆளாச்சே. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உரைச்சது. நீ வரணும்னா கார் வேணும். அதுலதான் நான் உட்கார்ந்திருக்கேன்.”

அவள் சிரித்தாள். அவரால் முடியவில்லை.

“யாரையாவது கேட்டிருக்கலாமே?”

“என்னன்னு? எழுபது வயசுப் பொம்பளை, ‘தம்பி, எங்க வீடு எங்க இருக்கு’ன்னா?” படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். “நான் எழுதித் தர்றேன். இதோட சேர்த்து அனுப்பு.”

“எழுதினா லைசென்ஸ் போயிடும், ஏவ்ரில்.”

“நான் எங்க கிளம்பினாலும், எனக்கு ஸ்டாம்பு வாங்கணும்னு சாவியை எடுத்துட்டு நீயே ஓட்ட வந்துடறியே, அப்பவே போயிடுச்சு. ஒரு மனுஷனுக்கு ஏழு மாசத்துல எத்தனை ஸ்டாம்புய்யா வேணும்?”

அவளே எழுதினாள், ஒன்றரைப் பக்கம், கோடு போட்ட தாளில். தேதியை மட்டும் அவரிடம் கேட்டாள்.

ஜனவரியில் லிங்கனில் விசாரணை. சாட்சிக்கூண்டு இல்லாத சின்ன அறை, நீளமேசை, தண்ணீர்க் குவளைகள். கம்பெனிக்காக வந்திருந்த இளம் வக்கீல் அந்த வழக்கை அன்று காலைதான் பார்த்திருந்தாள் என்பது அவள் தாள் புரட்டிய விதத்தில் தெரிந்தது. நீதிபதி அம்மாள் லயனலின் முதல் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“ஓட்டினது நீங்கன்னு எழுதியிருக்கீங்க.”

“அது பொய்ங்க.”

“நீங்க எழுதினதுதானே?”

“ஆமாங்க. தெரிஞ்சே எழுதினேன்.”

நீதிபதி டாக்ஸி ரசீதையும் மருத்துவமனைக் கடிதத்தையும் பார்த்தார். பிறகு ஏவ்ரிலின் தாளைப் படித்தார். தாளில் இருப்பது உங்கள் எழுத்துதானா என்று கேட்டார். “ஒவ்வொரு எழுத்தும்” என்றாள் ஏவ்ரில்.

ஓட்டியவர் லயனல் இல்லை, சொந்தக்காரருக்கு அறிவிப்பு உரிய காலத்தில் வரவில்லை, ஆகவே வழக்குத் தள்ளுபடி. அந்த முதல் கடிதம் எல்லோருடைய ஓர் ஆண்டையும் வீணாக்கியது, ஆகவே செலவுத்தொகை எதுவும் அவருக்குக் கிடையாது. இரண்டும் சரியென்றே லயனலுக்குப் பட்டது. வெளியே போகுமுன் வக்கீல் தன் குறிப்பேட்டில் ஏவ்ரிலின் பெயரை எழுதிக்கொண்டதையும் பார்த்தார். அடுத்த கடிதம் அந்தப் பெயருக்கு வருமா வராதா என்று யாரும் சொல்லவில்லை.

ஏவ்ரிலின் கைப்பையில் ஒரு கவர் இருந்தது. லைசென்ஸும், தானாகவே ஒப்படைக்கிறேன் என்ற கடிதமும். நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தபால்பெட்டியில் போட்டாள். கவர் உள்ளே விழும்வரை பெட்டியின் வாயில் கையை வைத்திருந்தாள்.

லயனல் ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டியை அணைத்ததும் ஏவ்ரில் முன்பெட்டியிலிருந்து நீல நோட்டை எடுத்து, பிப்ரவரி ஆறுக்குப் புரட்டினாள்.

“இந்தக் காலி இடம் உன் கண்ணை உறுத்திக்கிட்டே இருக்குமே. நிரப்பிடலாம்.”

“நீ எத்தனை மணிக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஒரு ஆத்தங்கரையைப் பார்த்த ஞாபகம் இருக்கு. குதிரைங்க நின்னுது. அவ்வளவுதான்.”

“ரெண்டு முப்பத்தொண்ணுக்கு வெளியே வந்ததை அவங்க கேமரா சொல்லுது. நாலு பத்துக்கு நான் வந்தப்ப நீ வீட்ல இருந்தே.”

“நடுவுல?”

“நடுவுல யார்கிட்டயும் பதிவு இல்லை.”

அவர் பேனாவை அவளிடம் நீட்டினார். ஓட்டியவர்தான் எழுத வேண்டும். திரும்பிய நேரம் என்ற சின்னக் கட்டத்துக்குள் அவள், 14.31க்கும் 16.10க்கும் இடையில், என்று நெருக்கி எழுதினாள். பதினேழு நோட்டுகளில் அப்படி ஒரு பதிவு இல்லை. மைல் எவ்வளவு என்று கேட்டாள். பத்தொன்பது என்றார். அதையும் எழுதி, நோட்டை அவரிடம் கொடுத்தாள்.

அன்றைய வரியை அவர் எழுதத் தொடங்கினார். ஏவ்ரில் மணிக்கட்டைத் திருப்பித் தன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணு நாற்பத்திரெண்டு” என்றாள்.

லயனல் தம் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, 13.42 என்று எழுதினார்.