வேட்டைக்குப் போகும் முன் ஒரு சேனைக்கிழங்கு

சித்தூரிலும் திருப்பதியிலும் செல்போன் கடை வைத்திருப்பவர்கள் பல பேர். சாந்திபுரம் பக்கம் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, இரண்டு ஊரிலும் கடை போட்டவன் நான் ஒருவன்தான். உழைத்தவன் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

ஜப்பான் வீடியோ ஆட்டத்திலும் நான்தான் முதல் ஆள். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்காத இரண்டு சின்ன கேம் பெட்டிகளில் அது இருந்தது. ராட்சத மிருகங்களைக் கூட்டாக வேட்டையாட வேண்டும். ஜப்பானில் மட்டும் விற்றதாம். ஓர் எழுத்தும் புரியாது. படித்தவர்கள் எல்லாம் திணறினார்கள். நான் திணறவில்லை. எந்தப் பெயர்ப்பலகை என்றாலும் படத்தையும் நிறத்தையும் வைத்தே படித்துப் பிழைத்தவன் நான்.

ஆட்டத்தில் என் கூட்டாளி, கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் ஐயங்கார். மதிய நைவேத்தியம் முடித்து, திருமண் கலையாமல் கடைக்கு வருவார். வேட்டியில் புளியோதரை வாசனை அடிக்கும். திரையில் வாளை எடுத்தால் பயங்கரமான ஆள்.

"இன்னா சாமி, உயிரக் கொன்னுக்கினே கீறீங்களே, பரவால்லயா?" என்று சீண்டுவேன்.

"அது ராட்சச வதம்யா. பெருமாளே பண்ணியிருக்கார்."

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. ஓடி ஓடித் திரையில் நம் ஆள் களைத்தால் சுட்ட கறி தின்ன வேண்டும், அப்போதுதான் தெம்பு. முதல் நாளே அந்தப் பழுப்பு உருண்டையைக் காட்டி என்னவென்று கேட்டார். கறி என்றால் எழுந்து போய்விடுவார். "சேனைக்கிழங்கு சாமி, சுட்டது," என்றேன். அந்தச் சின்னத் திரையில் எல்லாமே கிழங்குதான். புரட்டாசிச் சனிக்கிழமையில்கூட விரதத்தோடு வந்து, தன் ஆளுக்கு நாலு கிழங்கு ஊட்டிவிட்டு வேட்டைக்குப் போவார். அந்த மத்தியானங்களைப்போல் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

கொம்பன் என்று நாங்கள் பேர் வைத்த ஒரே ஒரு மிருகத்தை மட்டும் வீழ்த்தவே இல்லை. அதற்குள் பெட்டிகள் செத்துவிட்டன.

பல வருஷம் கழித்து இப்போது அதே ஆட்டத்தைத் துலக்கிப் புதுசாக விட்டிருக்கிறார்கள். இன்னமும் ஜப்பான் எழுத்துதான். ஆட்டத்தை ஆர்டர் சொல்லி வரவழைத்தேன். நான் கட்டிய மூன்று மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு பெரிய டிவி மாட்டினேன். சாமி அடுத்த வாரம் மகளோடு இருக்க ஸ்ரீரங்கம் போகிறார். போகும் முன் கொம்பனை முடித்துவிட வேண்டும் என்று வந்தார்.

பாதி வேட்டையில் அவர் ஆள் களைத்தான். பையைத் திறந்தார். பெரிய திரையில் பளிச்சென்று தெரிந்தது: கொழுப்பு வடியும் தொடைக்கறி, நடுவில் வெள்ளை எலும்பு.

"யோவ், கிழங்குக்கு ஏதுய்யா எலும்பு?"

பேச்சில் நான் யாரிடமும் தோற்றதில்லை. அன்று ரிமோட்டைத் தேடி, அவர் டிவியின் வெளிச்சத்தைக் குறைக்கப் பார்த்தேன்.

"இத்தனை வருஷமும் இதையா ஊட்டினேன்?"

"எழுந்து பூடுவீங்கன்னு பயந்துக்கினு கிழங்குன்னு சொல்ட்டேன் சாமி."

கன்ட்ரோலரைக் கீழே வைத்து எழுந்தார். போனார் மனுஷன் என்றே நினைத்தேன். வாசலுக்குப் போகாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்ரூம் எங்கே? தலைக்கு ஊத்திண்டு வரேன். கொம்பனை விட்டுடாதே."

மாடியைக் காட்டினேன். கூட்டாக ஆடும்போது நிறுத்தி வைக்க முடியாது. மூன்று முறை விழுந்தால் வேட்டை முடிந்தது. ஏற்கெனவே இரண்டு முறை விழுந்திருந்தோம். அசையாமல் நின்ற சாமியின் ஆளிடம் அண்டவிடாமல், கொம்பனைக் காடு முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினேன். மாடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்கவே இல்லை. என் ஆளும் களைத்தான். பையில் கறி இருந்தது. தொடவில்லை.

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார்.

"நீ சாப்ட்டியா?"

"இல்ல சாமி."

"அப்ப ரெண்டு பேரும் பட்டினி. நட."

தள்ளாடித் தள்ளாடித்தான் அடித்தோம். கடைசியில் கொம்பன் சாய்ந்தான். இனி அவனை அறுத்துத் தோலும் கொம்பும் எடுக்க வேண்டும். சாமி எப்போதும்போலத் தன் ஆளைத் திருப்பி, மலையைப் பார்க்க நிறுத்தினார்.

"அதை நீயே பாத்துக்கோ. கிழங்கு நறுக்கறதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே."